மருவுக்கு அவசரமில்லை, மாப்பிள்ளைக்குத்தான்

ஏப்பா மருமகனே, வந்ததுலருந்து வலது கைய பாக்கெட்டுக்குள்ளயே வச்சிருக்கியே, உள்ள என்ன, பொண்ணுக்குப் போடப் போற மோதிரமா? எடு வெளிய. உங்கம்மா நேத்தே வந்து மூக்கைச் சிந்திட்டுப் போயிட்டா. "அண்ணே, தை பொறந்தா பொண்ணு பாக்கப் போறோம், இவன் விரல்ல இருக்குறதப் பாத்தா எவ காப்பித் தம்ளர நீட்டுவா"ங்கிறா. உன் புருசன் மூஞ்சியப் பாத்துட்டே நீ கழுத்த நீட்டினே, மூணு மருவுக்கா அந்தப் பிள்ளை பயந்துரப் போகுதுன்னு கேட்டேன். காப்பியக்கூட குடிக்காம எந்திரிச்சுப் போயிட்டா.

நான் டாக்டரு இல்லைன்னு முதல்லயே சொல்லிப்புடுறேன். டாக்டரு பக்கத்துல நின்னு களிம்பு கலக்கிக் குடுத்த கம்பவுண்டரு. ஆனா ஊரு என்னையத்தான் டாக்டருன்னுச்சு, டாக்டரை 'அந்தத் தம்பி'ன்னுச்சு. அந்தத் தம்பிக்கு அதுல கடைசி வரைக்கும் வருத்தம்தான்.

சரி, வெளிச்சத்துல நீட்டு. முதல்ல இது மருதானான்னு பாக்கணும். உடம்புல எது முளைச்சாலும் மருன்னு ஒரே பேரச் சொல்லிட்டு மருந்துக் கடைக்கு ஓடுறதுதான் நம்ம ஆளுக வழக்கம். இந்தா, பூதக்கண்ணாடி. மேல சொரசொரன்னு இருக்கு, தொட்டா கெட்டியா இருக்கு, நிறம் உன் தோலைவிடக் கொஞ்சம் சாம்பல். தோல்ல ஓடுற ரேகைய மட்டும் நல்லாக் கவனி. மரு வரைக்கும் வருது, அங்கனயே நின்னுருது, மேல ஏறல. உள்ள கறுப்பாப் புள்ளி தெரியுதா? அத விதைன்னு நெனச்சு ஊக்கை எடுத்து நோண்டுற அறிவாளிக நம்ம ஊர்ல உண்டு. விதையும் இல்ல, வேரும் இல்ல. மருவுக்கு ரத்தம் கொண்டு வர்ற தம்மாத்தூண்டு ரத்தக் குழாய், உள்ள ரத்தம் உறைஞ்சு கறுத்து நிக்குது. ரேகை அறுந்து, கறுப்புப் புள்ளியும் இருந்தா அது மருதான். ஜாதகம் பாக்க வேண்டியதில்ல.

இதுவே பாதத்துல வந்தா மேடாத் தெரியாது. நீ தெனம் ஏறி மிதிக்கிற கனத்துல உள்பக்கமா அமுங்கிக் கெடக்கும். கால் ஆணியும் பாக்க ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். பிரிச்சுக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. நேரா மேலருந்து அமுக்கினா சுரீர்னா பெரும்பாலும் ஆணி. ரெண்டு பக்கமும் விரல வச்சு நெரிச்சா உயிர் போகுதுன்னா மரு. ஆணி மேல ரேகை ஓடும், மரு மேல ஓடாது. செருப்புக் கடிச்சு, எலும்பு அழுத்தி வர்றது ஆணி. அது யாருக்கும் ஒட்டாது.

உங்க அத்தை கழுத்துல காம்பு வச்சுத் தொங்குதே, அது இந்தச் சாதியே இல்ல. வயசானாலும், சதை போட்டாலும் கழுத்துலயும் கக்கத்துலயும் வர்ற வெறும் தோல். என் கன்னத்துல எள்ளு எறைச்ச கணக்கா இருக்கே, இதுவும் கிருமி இல்ல, கறுத்த தோல்காரங்களுக்குப் பரம்பரையா வர்ற சொத்து. மச்சான் மகனுக்கு வயித்துல வழவழன்னு, நடுவுல குழி விழுந்து வந்துச்சே, அதக் கிளப்புறது அம்மை வகையறாவைச் சேர்ந்த வேற கிருமி. நீ பாட்டுக்கு உன் மருந்த எல்லாத்துக்கும் தடவி ஊர் வைத்தியன் ஆயிராத. அந்த எடம் ஏற்கெனவே எங்கிட்ட இருக்கு.

எப்படி வந்துச்சுன்னு கேக்குற. நான் சொன்னா வெக்கப்படுவே. நகம் கடிப்பேல்ல? பொண்ணோட போன்ல பேசும்போது கடிக்கிறேன்னு உன் தங்கச்சி காட்டிக் குடுத்துட்டா. பாப்பிலோமா வைரஸ்னு ஒண்ணு. அதுல நூத்துக்கும் மேல ரகம் இருக்கு. கையில வர்றதுக்கு 2, 4-ன்னு நம்பர் போட்டிருக்காங்க, பாதத்துல வர்றதுக்கு 1. இது எங்கயோ ஹாஸ்டல் ஈரத் தரையிலயோ, ஒருத்தன் துண்டுலயோ இருந்திருக்கும். முழுத் தோலத் தாண்டி அதால உள்ள வர முடியாது. கீறல் வேணும். நகத்தோரத்தக் கடிச்சுக் கடிச்சு நீயே வாசலத் தெறந்து வச்சுட்டே. ஒரு மரு வந்த பிறகும் கடிச்சிருக்கே பாரு, அதான் பக்கத்து விரலுக்கும் போயிருக்கு. இனியும் கடிச்சா உதட்டுக்கும் வரலாம். அப்ப பொண்ணு பாக்கப் போறப்ப வாயயும் பாக்கெட்டுக்குள்ளதான் வச்சுக்கணும்.

யாரு குடுத்தான்னு சண்டைக்குப் போகவும் வழியில்ல. தொத்தி ரெண்டு மாசத்துலருந்து ஆறு மாசம் வரைக்கும் சத்தமில்லாம இருந்துட்டுத்தான் முளைக்கும், ஒரு வருசம் கழிச்சு முளைக்கிறதும் உண்டு. நேத்து கை குடுத்தவன் மேல பழி போடாத. ரத்தம் சிந்துன எடமெல்லாம் முளைக்கும்னு உங்க ஆச்சி சொல்லும். ரத்தத்துல ஒண்ணும் இல்ல, சொறண்டும்போது உதிர்ற தோல் துணுக்குலதான் கிருமி உக்காந்திருக்கு. சலூன்ல ஒரே பிளேடால தாடைய வழிச்சுக்கிட்டவனுக்குக் கோடு கோடா சப்பை மரு வர்றதும் அதனாலதான். கறிக்கடையில, மீன் கடையில நிக்கிறவுக கையில இது ரொம்ப வரும். அதுக்குன்னே 7-ம் நம்பர் ரகம் ஒண்ணு உண்டு. பழி ஆட்டு மேல போகும், ஆனா அதுவும் மனுசனோட கிருமிதான். மாட்டுக்கும் மரு வரும், பசு மடியில பாத்திருப்பே. அது மாட்டோட சரி, நமக்கு ஒட்டாது. அதுக்கும் நமக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

கிருமின்னு எப்படிக் கண்டுபிடிச்சாங்க தெரியுமா? இத்தாலியில சியுஃப்போன்னு ஒரு டாக்டரு. 1907-ல மருவ அரைச்சு, பாக்டீரியா நுழைய முடியாத வடிகட்டியில வடிகட்டி, அந்தத் தண்ணிய எடுத்துத் தன் தோல்லயே ஏத்திக்கிட்டாரு. மாசக்கணக்குல காத்திருந்தாரு. முளைச்சிருச்சு! பாக்டீரியாவ விடச் சின்ன கிருமிதான் காரணம்னு கண்டுக்கிட்டாரு. அந்த மனுசனுக்கு மரு வந்ததுல அம்புட்டு சந்தோசம். உனக்கு வந்துட்டு நீ அழுகுறே.

இப்ப அது உள்ள என்ன பண்ணுதுன்னு சொல்றேன். வீட்டுக்குள்ள வராம, சோறு கேக்காம, திண்ணையிலயே துண்ட விரிச்சுப் படுத்துக்கிட்ட தூரத்துச் சொந்தக்காரன் இந்த மரு. ரத்தம் ஓடுற உள்தோலுக்குள்ள அது எறங்குறதே இல்ல. மேல்தோல்லயே கெடக்கு. அதனால வீட்டுக்காரருக்கு, அதான் உன் உடம்போட எதிர்ப்புச் சக்திக்கு, திண்ணையில ஒருத்தன் படுத்திருக்கான்ங்கிறதே ரொம்ப நாளைக்குத் தெரியாது. என்னைக்காவது ஒரு நாள் கண்ணு பட்டுச்சுன்னா, துண்டோட தூக்கி எறிஞ்சிரும். அதான் சில பேருக்கு ரொம்ப நாளா இருந்த மரு ஒரே வாரத்துல காணாமப் போறது. பிள்ளைகளுக்கு வர்ற மருவுல மூணுல ரெண்டு பங்கு, ஒரு மருந்தும் போடாமலே ரெண்டு வருசத்துக்குள்ள போயிரும்னு கணக்கு இருக்கு. வளந்த தடிமாடுகளுக்குக் கொஞ்சம் மெதுவா. உன்னச் சொல்லல.

இந்த ரெண்டு வருசக் கணக்குத்தான் நாட்டுல இருக்குற அம்புட்டு வைத்தியனுக்கும் சோறு போடுது. தானாப் போற நேரத்துல யாரு பக்கத்துல நின்னானோ அவன் பேரு வாங்கிக்கிடுவான். வைத்தீஸ்வரன்கோயில்ல உப்பும் மிளகும் காணிக்கை போட்டு, சித்தாமிர்தக் குளத்துல வெல்லத்தக் கரைக்கிறாங்க, கரைஞ்ச கணக்கா மருவும் கரையும்னு. போயிட்டு வா, வேண்டாம்னு சொல்லல. பயணம் நல்லது, சாமியும் நல்ல சாமி, கும்பிட்டு வந்தா உன் தோலுக்கு ஒரு சேதாரமும் வராது. சேதாரம் வர்றதெல்லாம் வீட்டுல இருந்தபடி பண்ற வைத்தியத்துலதான்.

கீழத்தெருவுல ஒருத்தரு எருக்கம்பால சொட்டுச் சொட்டா வச்சாரு. மரு அப்படியே இருந்துச்சு, சுத்தியிருந்த நல்ல தோல் வெந்து குழியா விழுந்துச்சு. அதே விரலால கண்ணக் கசக்கினாரு. எருக்கம்பாலுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. கண்ணுல பட்டா முதல்ல பெருசா வலிக்காது. வலிக்கலையேன்னு விட்டுருவாங்க, விடிஞ்சு பாத்தா பார்வை மங்கிக் கெடக்கும். கள்ளிப்பால் இதுக்கு அண்ணன். பச்சப் பூண்ட அரைச்சுக் கட்டி கொப்புளம் வாங்கினவுக இருக்காங்க, முந்திரித் தோட்டு எண்ணெய் தடவி வெந்தவுக இருக்காங்க. சுண்ணாம்பையும் சவக்காரத்தையும் குழப்பித் தடவினா தோலு பொத்துப் போகும். கக்கூஸ் கழுவுற ஆசிட்டத் தீக்குச்சியில தொட்டு வச்சேன்னு ஒருத்தன் வந்தான். படிச்சவன். அவனுக்குக் கட்டுக் கட்டினப்ப டாக்டரு ஒண்ணுமே பேசல. எனக்கு அதுதான் ரொம்பச் சங்கடமா இருந்துச்சு.

குதிரை முடி கட்டுறதக் கேக்கவே வேண்டாம். காம்பு வச்ச தோலுக்கு இறுக்கிக் கட்டினா ரத்தம் போகாம உதிரும், சீழும் பிடிக்கும். ஆனா உன் விரல்ல இருக்குறது காம்பே இல்லாம அகலமா உக்காந்திருக்கு. எதுல கட்டுவே? குதிரைக்காரனுக்கு நீ குடுக்குற காசுக்கு அந்தக் குதிரைக்காவது கொள்ளு கெடைக்கும்.

இப்ப வேலைக்கு வர்ற சங்கதி. முதல் மருந்து, சும்மா இருக்குறது. வலிக்கல, பரவல, யாரும் பொண்ணு பாக்கல, இந்த மூணும் இருந்தா அதான் நல்ல வைத்தியம். உனக்கு மூணாவது இடிக்குது. சரி, இப்ப ஐப்பசி. தைக்கு 12 வாரம் இருக்கு. இந்த மருந்துக்கும் 12 வாரம்தான் கெடு.

மருந்துக் கடையில சாலிசிலிக் ஆசிட் சொட்டு மருந்து கேளு. 16, 17 சதவீதம் இருக்கும், கூட லாக்டிக் ஆசிட்டும் சேந்திருக்கும், பூசினா பசையாக் காஞ்சு ஒட்டிக்கிடும். விலையும் பெருசா இருக்காது. அதான் பாதிப் பேருக்கு அது மேல நம்பிக்கை வர மாட்டேங்குது. ராத்திரி படுக்கப் போகும்போது வெதுவெதுப்பான தண்ணியில விரல அஞ்சு நிமிசம் ஊற வை. ஊறின மேல்தோல நகம் தேய்க்கிற ராவு அட்டையால மெதுவாத் தேய். ரத்தம் வர்ற வரைக்கும் தேய்க்காத, நீ ஒண்ணும் பாத்திரத்துக்கு ஈயம் பூசல. அந்த அட்டைய வேற யாருக்கும் குடுக்காத, உன் நல்ல நகத்துல கூட வைக்காத. வேல முடிஞ்சதும் தூக்கிப் போட்டுரு. தொடச்சுக் காய விடு. மருவச் சுத்தி நல்ல தோல்ல வாசலின் தடவு. மரு மேல மட்டும் ஒரு சொட்டு. காஞ்ச பிறகு பிளாஸ்திரி ஒட்டு. மறுநாள் ராத்திரி திரும்பவும் இதே கூத்து. சிவந்து புண்ணாச்சுன்னா ரெண்டு மூணு நாளு நிறுத்திட்டு, ஆறின பிறகு தொடங்கு. அந்த மருந்து பக்குனு தீப்பிடிக்கும், அடுப்படியில வைக்காத. பீடி குடிச்சுக்கிட்டே போட்டுக்காத. நீ குடிக்கலைன்னு உங்கம்மா நம்புறா, எனக்கு மூக்கு இருக்கு.

நான் இத ஆயிரம் தடவ சொல்லிக் குடுத்திருப்பேன். கேட்டவுகள்ல பாதிப் பேரு மூணாவது நாளே வந்து "இன்னும் போகல"ம்பாங்க. மருந்து மருவ ஒரேயடியாக் கொல்றதில்ல. தெனம் ஒரு அடுக்குத் தோல உரிக்குது. உரிக்க உரிக்க அங்க கொஞ்சம் எரிச்சல் கெளம்பும், அந்த எரிச்சல்லதான் வீட்டுக்காரருக்கு முழிப்பு வரும். விரல்ல ரேகை திரும்ப ஒட்டிக்கிட்டு நேரா ஓடுதான்னு பாரு. ஓடுச்சுன்னா போயிருச்சு. ரேகை வர்றதுக்கு முன்னாடியே மேடு போச்சுன்னு நிறுத்தினா, நீ பொண்ணு பாத்துட்டு வந்த மறுவாரமே அவரும் திரும்ப வந்துருவாரு.

12 வாரத்துல அசையலைன்னா தோல் டாக்டரு. மதுரை பெரியாஸ்பத்திரி தோல் பிரிவுக்குப் போனா காசு இல்லாம பாப்பாங்க, வரிசையில நிக்கிற பொறுமை இருக்கணும். அங்க திரவ நைட்ரஜன் வச்சு உறைய வைப்பாங்க. அது என்னன்னு உனக்கே தெரியும். நம்ம மாட்டாஸ்பத்திரியில சினை ஊசிக் குச்சிய முக்கி வச்சிருக்காங்களே, மூடியத் தெறந்தா வெள்ளையாப் பொகை வருமே, அதே சரக்குத்தான். மைனஸ் 196 டிகிரி. அதுக்காக நீ நேரா மாட்டு டாக்டருகிட்டப் போய்க் கைய நீட்டிராத, அவரு பழக்க தோசத்துல எங்க ஊசி போடுவாருன்னு சொல்ல முடியாது. பஞ்சுக் குச்சியில தொட்டு வைப்பாங்க, இல்ல பீச்சி விடுவாங்க. சுரீருங்கும், கொப்புளம் வரும், காஞ்சு உதிரும். ரெண்டு மூணு வாரத்துக்கு ஒருக்கா, நாலஞ்சு தடவ கூடப் போக வேண்டி வரலாம். நம்ம தோல்ல வெள்ளைத் தழும்போ கறுப்புத் தழும்போ கொஞ்ச நாளைக்கு நிக்கும். அதனால தை மாசத்துக்கு முந்தின வாரம் ஓடாத.

கரண்டுல சுடுறதும் உண்டு, மரத்துப் போற ஊசி போட்டுட்டுத்தான் சுடுவாங்க, வடு விழும். இப்ப தட்டம்மைத் தடுப்பூசி மருந்தையும் வைட்டமின் டி-யையும் ஒரு மருவுக்குள்ள குத்துறாங்க. குத்தினது ஒண்ணு, உதிர்றது அக்கம்பக்கத்துல இருக்குறதும் சேத்து. எதிர்ப்புச் சக்திய எழுப்புற வேலைதான் அது. நிறைய மரு இருக்குறவுகளுக்குத் தோதான வழி. தட்டம்மை மருந்த மட்டும் மாசமா இருக்குறவுகளுக்குப் போடக் கூடாது. எல்லாத்தையும் செஞ்சும் சிலது போகாது. அப்படிச் சொல்ற டாக்டர நம்பு. நூத்துக்கு நூறு காணாமப் போயிரும்னு செவுத்துல எழுதி வச்சிருக்கவன நம்பாத.

இன்னொண்ணும் கேப்பே, ஃபோன்ல பாத்திருப்பே. சாம்பல் கலர் பைப்பு ஒட்டுற டேப்ப மரு மேல ஒட்டினா போயிரும்னு. 2002-ல அமெரிக்காவுல பிள்ளைகளுக்கு ஒட்டிப் பாத்து, உறைய வைக்கிறத விட நல்லாக் கேட்டுச்சுன்னாங்க. 2006-ல நெதர்லாந்துல பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஒட்டிப் பாத்தா, சும்மா ஒரு வட்டப் பட்டைய வச்சதுக்கும் அதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. டேப்பு மிச்சம் இருந்தா மோட்டாரு பைப்புக்குச் சுத்து.

நான் சொன்னதெல்லாம் கைக்கும் காலுக்கும்தான். மொகத்துல வந்தா அந்தச் சொட்ட வைக்காத. மறைவான எடத்துல வந்தா வெக்கப்படாம டாக்டருகிட்டப் போ. அது வேற நம்பர் ரகம், கட்டிக்கப் போறவளுக்கும் ஒட்டும். உன் கையில இருக்குற ரகம் புற்று ஆகாது, பயப்படாத. ஆனா இதே குடும்பத்துல 16, 18-ன்னு ரெண்டு கெட்ட பங்காளிக இருக்காங்க, பொம்பளைகளுக்குக் கர்ப்பப்பை வாயில புற்று வைக்கிறது அவுகதான். அத முன்னாடியே தடுக்கத்தான் 9-லருந்து 14 வயசுக்குள்ள பொட்டப் பிள்ளைகளுக்கு ஊசி போடச் சொல்றாங்க. உங்கக்கா மகளுக்குப் போட்டாச்சான்னு கேளு. இல்ல நான் கேக்குறேன், நீ கேட்டா மாப்பிள்ளை முறுக்கிக்கிடுவாரு. அப்புறம், வயசானவுகளுக்குத் திடீர்னு ஒத்தையா ஒண்ணு முளைச்சு வேகமா வளந்தா, ரத்தம் கசிஞ்சா, நிறம் மாறினா, பாதத்துல கறுப்பாப் பரவினா, அதுக்கு மரு மருந்து போட்டு நாளக் கடத்தக் கூடாது.

என்ன மருமகனே, எந்திரிச்சுட்டே? உக்காரு. உன் விரலுக்குத்தான் 12 வாரம் இருக்கே. உங்கம்மா நேத்து அழுத அழுகையில பாதி உங்கப்பாவப் பத்தினது. அவருக்கு உள்ளங்கால்ல ஏதோ தடிச்சிருக்காமே? சக்கரை எத்தன வருசமா இருக்கு அவருக்கு? தெனம் சாயங்காலம் சவரப் பிளேட வச்சுத் தானே சீவிக்கிடுறாராம். எம்புட்டுச் சீவினாலும் வலிக்கவே மாட்டேங்குது, எனக்கு இரும்புக் காலுன்னு பெருமையாச் சொல்றாராம். வலிக்கலைங்கிறதுதான்டா எனக்குப் பயமா இருக்கு. அது ஆணியா, மருவான்னு நான் பூதக்கண்ணாடியத் தூக்கிக்கிட்டு வரப் போறதில்ல. எதுவா இருந்தாலும் சக்கரைக் காலுக்கு இந்தச் சொட்டு மருந்தும் ஆகாது, பிளேடும் ஆகாது. புண்ணாச்சுன்னா அவருக்கே தெரியாது, தெரியும்போது விரல எடுக்கணும்பாங்க.

போய் முதல்ல அந்தப் பிளேட வாங்கி வை. நாளைக்கு முதல் பஸ்ஸுக்கு அவரக் கூட்டிட்டு வா, நானும் வர்றேன். தனியா விட்டா டாக்டருகிட்டயும் இரும்புக் கால்னு சொல்லிட்டு, பிளாஸ்திரி வாங்கிக்கிட்டு டீ குடிச்சுட்டு வந்துருவாரு.